தனிவீட்டுக்குப் பாதுகாப்பு: முதலில் கதவு, பிறகு சைரன், கடைசியில் கேமரா

வீட்டுப் பாதுகாப்பு என்று விசாரித்தால் நான்கு கேமரா, படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி ஒன்று, வயரிங் கூலி என்று கடைக்காரர் உடனே கொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிடுவார். அதில் பூட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கேமரா யாரையும் தடுத்து நிறுத்தாது. வந்தவன் வந்து போனதைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். மங்கி குல்லாவும் மாஸ்க்கும் போட்டு வருபவனுக்கு அதைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது. அவன் கணக்குப் போடுவது இரண்டைத்தான்: உள்ளே நுழைய எத்தனை நிமிடம் ஆகும், அதற்குள் அக்கம்பக்கத்தில் யாராவது எழுந்துவிடுவார்களா. கதவு அவனுடைய நேரத்தைத் தின்னும். சைரன் அக்கம்பக்கத்தை எழுப்பும். இந்த இரண்டும் சரியான பிறகு மீதிப் பணத்தில் கேமரா வாங்கலாம்.

இங்கே சொல்லப்போவது தமிழ்நாட்டு ஊர்களில் நாம் பார்க்கும் சாதாரணத் தனிவீட்டுக்கு: தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி, வெளிப்பக்கமோ உள்ளேயோ படிக்கட்டு, மொட்டை மாடி, சுற்றுச்சுவர், கிரில் கேட். டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரிந்தவர் இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடக்கூடிய வேலை. ஈபி லைனைத் தொடும் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வெளியே நின்று பாருங்கள்

எதையும் வாங்கும் முன் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒரு சுற்று வாருங்கள். சன்ஷேடில் ஏற ஏசி அவுட்டோர் ஸ்டாண்டு படியாக உதவுகிறதா? பக்கத்து வீட்டு மாடியிலிருந்து நம் மாடிக்குத் தாண்ட முடியுமா? கட்டி முடிக்காத வீடு பின்னால் இருக்கிறதா, அங்கே சாரக்கட்டு கிடக்கிறதா? கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்த ஏணியும், தோட்டத்தில் போட்டு வைத்த கடப்பாரையும் வந்தவனுக்கு நாமே எடுத்துக் கொடுத்த ஆயுதங்கள். அவற்றை உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்து ஜன்னல்கள். கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்து, கை விட்டால் தாழ்ப்பாள் எட்டுமானால் அந்தத் தாழ்ப்பாள் இருந்தும் இல்லாத மாதிரிதான். கையோடு ஒரு வளைந்த கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு அடிக்குள் இருப்பதெல்லாம் எட்டும். ஜன்னல் கிரில் மரச் சட்டத்தில் வெளிப்பக்கமாக ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், முழு கிரில்லும் கையோடு வந்துவிடும். அந்த ஸ்க்ரூ தலைகளை வெல்டு வைத்து அடைத்துவிடுங்கள். மரம் கருகும் என்று பயந்தால் ஸ்க்ரூ தலையின் வெட்டை டிரில் வைத்து அழித்துவிட்டாலும் சரி.

சாவியை மறைத்து வைக்கும் இடங்களையும் இப்போதே மாற்றுங்கள். பூந்தொட்டிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில், மீட்டர் பெட்டிக்குள், கதவு நிலையின் மேல் விளிம்பில். உங்களுக்குத் தோன்றிய இடம் அவனுக்கும் தோன்றும். பீரோ சாவி பீரோ மேலேயே இருப்பதும் இதே வகைதான்.

கதவு

தலைவாசல் கதவு தேக்காக இருந்தாலும் அதை உடைப்பவன் மரத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஆல்ட்ராப் எனும், வெளியே பூட்டு மாட்டும் பெரிய தாழ்ப்பாளின் நாதாங்கியில் இரும்புக் கம்பியை விட்டு நெம்புவான். பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டே ஆனாலும், அது தொங்கும் நாதாங்கி ஒரு அங்குல ஸ்க்ரூவில் நின்றால் நாதாங்கியோடு சேர்ந்து வந்துவிடும். ஆல்ட்ராப்பை வைத்துக்கொள்வதானால் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு உள்பக்கம் வாஷரும் நட்டும் முடுக்குங்கள். வெளியே போல்ட்டின் உருண்டைத் தலை மட்டும் தெரிய வேண்டும்.

அதைவிட நல்லது, கதவின் உள்பக்கத்திலோ கதவுக்குள்ளேயோ அமையும் பூட்டு. மூன்று போல்ட் கொண்ட நைட் லாட்ச் அல்லது மார்டைஸ் லாக். வெளியே பூட்டு தொங்காததால் வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கு அறிவிப்பதும் நின்றுபோகும். வாங்கும்போது சாவியை இரண்டு சுற்று சுற்றி, போல்ட் 20 எம்எம்மாவது வெளியே வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பொருத்துவதில் நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, நிலையில் போல்ட் போய் உட்காரும் குழியை ஆழமாக உளியால் செதுக்காமல் விடுவது. சாவி ஒரு சுற்று சுற்றும், இரண்டாவது சுற்று பாதியில் நிற்கும். 'புதுப் பூட்டு, பழகினால் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகாது. போல்ட்டின் முனையில் கொஞ்சம் சுண்ணாம்போ கண் மையோ தடவிக் கதவை மூடி ஒரு முறை பூட்டிப் பாருங்கள். குழியில் எங்கே கறை பட்டிருக்கிறதோ அங்கே இன்னும் செதுக்க வேண்டும். இரண்டாவது பிழை, பூட்டுப் பெட்டியோடு வரும் குட்டி ஸ்க்ரூக்களையே நிலைத் தகட்டுக்கும் போடுவது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டரை முதல் மூன்று அங்குல ஸ்க்ரூ போடுங்கள். முதலில் 3 எம்எம் பிட்டில் துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்பைத் தேய்த்து முடுக்கினால் தேக்கு பிளக்காது, ஸ்க்ரூ தலையும் வழுக்காது.

உண்மையில் பலவீனமானது தலைவாசல் அல்ல, பின்கதவும் மாடிக் கதவும்தான். பின்பக்கம் பெரும்பாலும் ஃபிளஷ் டோர் அல்லது பிவிசி கதவு, ஒரே ஒரு தாழ்ப்பாள். இதற்குக் குறுக்குப் பட்டையை மிஞ்சிய வைத்தியம் கிடையாது. 40 எம்எம் அகலம், 6 எம்எம் கனத்தில் இரும்புப் பட்டை ஒன்று, அது உட்கார 'யு' வடிவக் கொக்கி இரண்டு. பட்டறையில் சொன்னால் அன்றைக்கே செய்து தருவார்கள். கதவின் இரு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் 10 எம்எம் ஆங்கர் போல்ட் போட்டுக் கொக்கிகளை மாட்டுங்கள். சுவர் விளிம்பிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளித் துளை போட வேண்டும், இல்லையேல் ஆங்கரை முடுக்கும்போதே செங்கல் பிளந்துவிடும். பூச்சுக்குள் மட்டும் நிற்கும் ஆங்கர் எதையும் தாங்காது. துளையிடும்போது சிவப்புத் தூள் வருகிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தால் பூச்சிலோ இரு செங்கல்லுக்கு இடைப்பட்ட கலவையிலோ போய்க்கொண்டிருக்கிறீர்கள், இடத்தை மாற்றுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவர் என்றால் ஆங்கர் வேண்டாம், சுவரை ஊடுருவும் போல்ட் போடுங்கள்.

மாடிக் கதவு பல வீடுகளில் வெளிப்பக்கமாகத் திறக்கும். அதாவது கீல்கள் வெளியே தெரியும், ஊசியைத் தட்டி எடுத்தால் பூட்டு இருந்தும் கதவு கழன்றுவிடும். இதற்கு ஒரு எளிய வேலை உண்டு. மேல் கீலிலும் கீழ்க் கீலிலும், நிலையில் பதியும் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கனமான ஒன்றைப் போட்டு, தலையை அறுத்து, அரை அங்குலம் நீட்டி விடுங்கள். எதிரே கதவுப் பக்க ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். கதவை மூடினால் நீட்டிய முனை அந்த ஓட்டைக்குள் போய்விடும். பிறகு ஊசியை எடுத்தாலும் கதவு அசையாது.

ஒரு எச்சரிக்கை. கிரில் கேட்டுக்கும் பின்கதவுக்கும் இரவில் உள்ளே பூட்டுப் போடுபவர்கள் சாவியை ஒரே இடத்தில், இருட்டில் கை போகும் ஆணியில், ஆனால் ஜன்னல் வழியே எட்டாத இடத்தில் மாட்டுங்கள். சிலிண்டர் தீப்பிடித்த இரவில் சாவி தேடும் நிலை வரக்கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்களும் பிள்ளைகளும் அந்தப் பூட்டைத் தாங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அலாரம்

தனிவீட்டில் நாமே மாட்டும் அலாரத்துக்கு மறுமுனையில் போலீஸ் காத்திருக்கவில்லை. சைரன் அலறினால் வந்து பார்க்கப்போவது எதிர்வீட்டுக்காரர்தான். ஆகவே பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடத்தில் வந்து தெருவில் நின்று குரல் கொடுக்கக்கூடிய இரண்டு வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உள்ளே போக வேண்டாம், நாலு பேரைக் கூட்டி வெளியே நின்று 112க்கோ 100க்கோ அடித்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் இரண்டு வகை. சிம் போடும் ஜிஎஸ்எம் பேனல் ஒன்று; வை-ஃபையிலோ, ஜிக்பீ எனும் கம்பியில்லா முறையில் சென்சார்களை இணைக்கும் ஹப்போடோ ஆப்பில் ஓடுவது மற்றொன்று. நெட் போனாலும் போன் அடிக்கும் என்பதால் நம் ஊருக்குச் சிம் பேனலே மேல். இரண்டும் சேர்ந்த பேனல்களும் உண்டு, அது இன்னும் நல்லது. வாங்கும்போது 4ஜி பேனலா என்று கேளுங்கள். மலிவான பல பேனல்கள் 2ஜி மட்டும்தான், அவற்றில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே இல்லை. வை-ஃபையில் நேரடியாக ஓடும் தனித்தனிக் கதவு சென்சார்களை மலிவு என்று வாங்காதீர்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், நெட் இல்லாத நேரத்தில் ஊமையாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ வாங்கி வரும் கிட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள கண்காணிப்புச் சந்தா இங்கே உதவாது. சென்சார்கள் பேசும் அலைவரிசையும் வேறு. உதாரணமாக ஸீ-வேவ் எனும் கம்பியில்லா முறையில் பேசும் சாதனங்கள் அங்கே 908 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, இந்தியாவில் உரிமமின்றி அனுமதிக்கப்பட்டது 865 முதல் 868 வரை. 110 வோல்ட்டுக்கு மட்டுமான அடாப்டராக இருந்தால் முதல் நாளே புகைந்துவிடும். ஆசையாக வாங்கியதுதான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

சாதாரண வீட்டுக்குத் தேவையான சாமான்: பேனல் 1, கதவுக் காந்த சென்சார் 4 (தலைவாசல், பின்கதவு, மாடிக் கதவு, பால்கனி), ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சார் 2, உள் சைரன் 1, வெளி ஹூட்டர் 1, ரிமோட் 2.

காந்த சென்சாரில் இரு துண்டுகள். பெரியதை நிலையிலும் சின்னதைக் கதவிலும், கீல் பக்கம் அல்லாமல் கதவு திறக்கும் பக்கத்தில் மேல் மூலையில் மாட்டுங்கள். மூடிய நிலையில் இடைவெளி 10 எம்எம்முக்குள் இருக்கட்டும். இரும்புக் கதவிலும் கிரில் கேட்டிலும் சாதாரண சென்சார் தடுமாறும், இரும்பு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கென உலோகக் கதவு சென்சார் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே வரும் இருபக்க டேப்பை நம்பாதீர்கள். டிஸ்டெம்பர் சுவரில் அது பெயின்ட்டோடு உரிந்து வரும், அதுவும் ஊரில் யாரும் இல்லாத வாரத்தில். ஸ்க்ரூ போடுங்கள். ஐப்பசி மழையில் மரக்கதவு உப்பி, இடைவெளி மாறும். மழைக்காலம் தொடங்கியதும் ஒரு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டால் நள்ளிரவில் வீண் அலறல் இருக்காது.

பிஐஆர் சென்சாரை ஏழு, எட்டு அடி உயரத்தில், ஹாலின் மூலையில் மாட்டுங்கள். அது தன்னை நோக்கி நேரே வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனை நன்றாகப் பிடிக்கும். ஆகவே திருடன் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் பாதைக்குப் பக்கவாட்டில் அது இருக்க வேண்டும். வெயில் விழும் ஜன்னலை நோக்கி வைக்கக்கூடாது. திரைச்சீலை ஆடுவதும், பூஜை விளக்கும்கூட அதற்கு ஆள் மாதிரி தெரியலாம். வேலூரிலும் திருச்சியிலும் மே மாத மதியத்தில் மூடிய அறை 36, 37 டிகிரியைத் தொடும். சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், இரண்டும் ஒன்றாகிவிட்டால் அது மந்தமாகிவிடும். மார்கழியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சித்திரை, வைகாசி மதியத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள். பிஐஆர் மட்டும் போதாது, கதவு சென்சாரும் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு தொல்லை பல்லி. சென்சாரின் லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் அதற்கு அது பெரிய உருவம். மாட்டிய பின் பின்புற இடுக்குகளை சிலிக்கான் வைத்து அடையுங்கள், எறும்பும் உள்ளே கூடு கட்டாது. டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பல்லி கூடும் என்பது தெரிந்ததே, அங்கே மாட்டாதீர்கள்.

பேட்டரியில் ஓடும் பிஐஆரைச் சோதிக்கும்போது பலர் குழம்புவார்கள். ஒரு முறை உணர்ந்துவிட்டால் பேட்டரியைச் சேமிக்க இரண்டு, மூன்று நிமிடம் தூங்கிவிடும். உடனே மறுபடி நடந்து பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அறையை விட்டு வெளியேறி ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள்.

பேனலை வாசலிலிருந்து தெரியும் இடத்தில் வைக்கக்கூடாது. உள் சைரன் அலறும் இடத்தை நோக்கித்தான் திருடன் முதலில் ஓடுவான். பேனல் ஒரு அறையிலும் சைரன் இன்னொரு அறையிலும் இருக்கட்டும். வெளி ஹூட்டர் ஏணியில்லாமல் எட்டாத உயரத்தில், சன்ஷேடுக்கு அடியில், மழை படாமல். அலறல் மூன்று, நான்கு நிமிடத்தில் தானாக நிற்கும்படி வையுங்கள். மணிக்கணக்காக அலறினால் அடுத்த முறை யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

சிம்மைப் பேனலில் போடும் முன் போனில் போட்டு, பின் (PIN) எண் பூட்டை எடுத்துவிடுங்கள். பேனல் அழைக்கும் எண்களில் முதலாவது உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பெங்களூரில் இருந்தால் முதலில் எதிர்வீட்டுக்காரர், பிறகு உள்ளூர்ச் சொந்தம், மூன்றாவதாக நீங்கள். இரவில் வீட்டிலேயே தூங்கும்போது போடும் முறையில் கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும், பிஐஆர் ஓய்வில் இருக்கும். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த தாத்தாவுக்கு சைரன் அடிக்கக்கூடாது. உள்ளே வந்து அணைக்க 20 முதல் 30 விநாடி அவகாசம் போதும்.

இந்த அமைப்புகள் பல நேரம் தோற்றுப்போவது கருவிக் கோளாறால் அல்ல, ரீசார்ஜ் முடிந்த சிம்மால். ஓராண்டுத் திட்டமாகப் போட்டு, முடியும் தேதியைப் பேனலின் பின்புறமும் போன் காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

கரண்ட் போனால்

நம் வீடுகளில் மீட்டர் பெட்டி வாசலிலேயே இருக்கிறது. ஃபியூஸ் கேரியரை உருவினாலோ மெயினை இறக்கினாலோ வீடே இருட்டு. பெட்டிக்குக் கண்ணாடி வைத்த மூடியும் பூட்டும் போடலாம், ரீடிங் எடுப்பவருக்கு எண் தெரிந்தால் போதும். அவசரத்தில் மெயினை இறக்க வேண்டி வரும் என்பதால் அந்தச் சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

ஆனாலும் கரண்ட் போகும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் டிவிஆர், ஃபைபர் மோடம், ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று மெயினை இறக்கிப் பாருங்கள். பல வீடுகளில் டிவிஆர் ஓடும், மோடம் மாட்டிய பிளக் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்காது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கலாம். ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருந்த வேண்டும், எல்லாமே 12 வோல்ட் அல்ல.

கேமரா

இதிலும் இரண்டு வகை. மெமரி கார்டில் பதியும் வை-ஃபை கேமரா. வயர் இழுத்து டிவிஆரில் பதியும் கேமரா. வாடகை வீட்டுக்கும் ஒன்றிரண்டு இடத்துக்கும் வை-ஃபை போதும். சொந்த வீடு, நான்கு கேமரா என்றால் வயர் இழுப்பதே நிலைத்து நிற்கும். எதை வாங்கினாலும் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளுபடி என்று தள்ளிவிடும் கடைகள் இருக்கும். எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம்.

மெகாபிக்சலைவிட லென்ஸ் முக்கியம். கடையில் பொதுவாகக் கொடுப்பது 2.8 எம்எம் லென்ஸ், சுமார் 100 டிகிரி அகலம் பார்க்கும். முன்பின் தெரியாத ஒருவர் முகத்தை அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். கணக்குப் போட்டால் 2.8 எம்எம்மில் முகம் தெளிவாகத் தெரிவது பத்து அடி வரைதான். 3.6 எம்எம்மில் 15 அடி, 6 எம்எம்மில் 27 அடி வாக்கில். 4 மெகாபிக்சலுக்கு மாறினாலும் 2.8 எம்எம்மில் 14 அடிதான் கிடைக்கும். அதுவும் நல்ல வெளிச்சத்தில். ஆகவே கேட்டிலிருந்து கேமரா 25 அடி தள்ளி இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் 6 எம்எம் கேட்டு வாங்குங்கள். போர்டிகோவுக்கும் படிக்கட்டுக்கும் 2.8 போதும்.

உயரம் எட்டு, ஒன்பது அடி. பன்னிரண்டு அடியில் மாட்டினால் தலை உச்சியும் குல்லாவும் மட்டும் பதியும். கை எட்டிவிடுமே என்பவர்களுக்கு விடை, ஒரு கேமராவை இன்னொன்று பார்க்கும்படி வைப்பது. கிழக்கு, மேற்கு பார்த்த கேமராவில் காலை அல்லது மாலை வெயில் நேரே விழுந்து ஆள் கறுப்பு நிழலாகத் தெரிவான். எதிர்வெளிச்சத்திலும் ஆளைத் தெளிவாகக் காட்டும் 'டபிள்யூடிஆர்' வசதியுள்ளதாக வாங்குங்கள், இல்லையேல் திசையை மாற்றுங்கள்.

டிவிஆர் வகைக்கு, படமும் பவரும் ஒன்றாகப் போகும் 3+1 கேபிள் 90 மீட்டர் ரோலாகக் கிடைக்கும். நான்கு கேமராவுக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை போதும், எட்டுக்கு 10 ஆம்பியர். கேமராவிலிருந்து வரும் பிஎன்சி (படம் போகும் முனை), பவர் முனைகளைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். 4 அங்குல பிவிசி பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கேபிள் பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழையட்டும், மேலிருந்து நுழைந்தால் மழைநீர் கேபிள் வழியே உள்ளே இறங்கும். கடலோர ஊர்களில் இந்த முனைகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் படம் விட்டுவிட்டு வந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியும், மின்னோட்டம் கூடும், மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கும், கேமரா அணைந்து அணைந்து எரியும். 40 மீட்டருக்கு மேல் போகும் கேமராவுக்கு 0.75 சதுர எம்எம் செம்பு வயரைப் பவருக்குத் தனியாக இழுங்கள், அல்லது அருகிலேயே ஒரு அடாப்டர் வையுங்கள். இரவுப் படம் வெள்ளைப் புகை மூட்டமாக இருந்தால் லென்ஸ் முன் ஒட்டடை, அல்லது பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளி. ஒட்டடைக்குத் துடைப்பம், சுவருக்கு ஒரு சாண் தள்ளி மாட்டுவது.

எத்தனை நாள் பதிவு இருக்கும்? ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 10.8 ஜிபி. நான்கு கேமரா, தலா 2 எம்பிபிஎஸ் என்றால் 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் 11 நாள் நிற்கும். படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றி 1 எம்பிபிஎஸ்ஸாக இறக்கினால் இரட்டிப்பாகும். கோடை விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள் 2 டிபி போடுவது நல்லது, போன முதல் நாளே திருட்டு நடந்திருந்தால் திரும்பி வரும்போது அது அழிந்திருக்கும். கண்காணிப்புக்கென விற்கும் டிஸ்க்காக இருக்கட்டும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது 24 மணி நேரப் பதிவைத் தாங்காது. வை-ஃபை கேமராவில் 128 ஜிபி கார்டு, 2 எம்பிபிஎஸ் தொடர் பதிவுக்கு ஐந்தரை நாள் வரும். 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டு வாங்கி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அந்தக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் மட்டும் சேரும். சேரவில்லை என்றால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் கொடுத்துப் பிரித்துவிட்டு முயலுங்கள்.

டிவி ஸ்டாண்டில் டிவிஆரை வைக்காதீர்கள். போகும்போது டிவிஆரையே கழற்றிக்கொண்டு போவது இப்போது சகஜம். பரணில், காற்று போகும் இடத்தில் மறைத்து வையுங்கள். பீரோவுக்குள் அடைத்தால் சூட்டில் டிஸ்க் போகும். செத்துப்போன பழைய டிவிஆர் ஒன்று இருந்தால் அதை டிவி ஸ்டாண்டிலேயே விட்டு வைக்கலாம், எடுத்துக்கொண்டு போகட்டும்.

மாட்டி முடித்த அன்றே, கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016இல் பல பெரிய இணையதளங்களை முடக்கிய மிராய் எனும் வைரஸ் தாக்குதலுக்குக் கருவியானவை பெரும்பாலும் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும் ரவுட்டர்களும்தான். மாட்ட வந்த பையன் தன் போனில் ஆப்பைத் திறந்து காட்டியிருந்தால் அந்த போனிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலோ குளியலறையோ படத்தில் விழுந்தால் செட்டிங்கில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. தகராறு வருவதற்கு முன்பே மறைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

வாசலில் மூன்று நாளாகக் கோலம் இல்லை, பால் பாக்கெட்டும் பேப்பரும் கிடக்கின்றன, போர்டிகோ விளக்கு பட்டப்பகலில் எரிகிறது. இதைவிட வேறு விளம்பரம் தேவையில்லை. பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வேலைக்கார அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ வாசல் தெளித்து இரண்டு இழை இழுக்கச் சொல்லுங்கள். போர்டிகோவுக்கு இருட்டினால் தானாக எரியும் சென்சார் பல்பு போடுங்கள், ஹால் விளக்குக்கு டைமர் பிளக். உள்ளூர் காவல் நிலையத்தில் பூட்டிய வீட்டின் முகவரியையும் திரும்பும் தேதியையும் எழுதிக் கொடுத்தால் ரோந்தில் சேர்த்துக்கொள்வார்கள். நகை பேங்க் லாக்கருக்கு. பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடலாம்.

கிளம்பும் முந்தைய நாள் கால் மணி நேரம் செலவழியுங்கள். மெயினை இறக்கி, ரவுட்டரையும் அணைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து பாருங்கள். சைரன் அடித்து, எதிர்வீட்டுக்காரர் போன் ஒலித்தால் சரி. டிவிஆரில் நேற்றைய பதிவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். நேரடிப் படம் வருவதும் பதிவாவதும் வேறு வேறு, டிஸ்க் செத்து மாதக்கணக்கான டிவிஆரிலும் நேரடிப் படம் அழகாக வரும். கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடந்துவிட்டால்

திரும்பி வரும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று 100க்கோ 112க்கோ சொல்லுங்கள். பீரோவையும் கைப்பிடிகளையும் கைரேகைக்காரர்கள் வரும்வரை தொடக்கூடாது.

பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, முகம் குழைந்துவிடும். திரையைப் போனில் படம் பிடிப்பது அதைவிட மோசம். பென் டிரைவைச் சொருகி, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து மூலக் கோப்பாகவே எடுங்கள். ஆள் நோட்டம் பார்க்க முந்தைய நாட்களில் வந்திருக்கலாம், அந்த நாட்களின் பதிவு அழிந்துவிடாதபடி டிவிஆரில் பதிவை நிறுத்தி, டிஸ்க்கை அப்படியே வைத்திருங்கள். டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று குறித்துப் போலீசாரிடம் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி இந்தப் பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்பட ஒரு சான்றிதழும் வேண்டும். எந்தக் கருவியில் பதிவானது, அது யார் பொறுப்பில் இருந்தது, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்ன என்பவை அதில் வரும். கருவியின் பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மாடல் எண், சீரியல் எண்ணுக்கு அப்போது அலைய வேண்டியிருக்காது.